மஞ்சள் பலகை

அம்மா அந்த நேரத்தில் வீட்டுக்கு வந்திருக்கக் கூடாது. காலையில் பயிற்சி நிலையத்துக்குள் நுழைந்தால் சாயங்காலம் கடைசி ஜன்னலையும் சாத்திவிட்டுத்தான் திரும்புவாள். இன்று உச்சிவெயிலில் வந்து, செருப்பைக்கூடக் கழற்றாமல் வாசற்படியில் உட்கார்ந்துவிட்டாள். கழுத்தில் எப்போதும் தொங்கும் அடையாள அட்டையைக் காணோம்.

உள்ளே மகள் அதே நிலையத்தின் மத்தியான வகுப்புக்குக் கிளம்பிக்கொண்டிருந்தாள். நீல நிற ஏப்ரனின் நாடாவை முதுகுப் பக்கம் முடிந்தபடியே எட்டிப் பார்த்தாள். எலும்பும் தோலுமாக இருப்பதால் தெருவில் எல்லோருக்கும் அவள் சுள்ளி. சட்டென்று பற்றிக்கொள்கிறவள் என்பதாலும் அந்தப் பெயர் நிலைத்துவிட்டது. பெற்றவளே அப்படித்தான் கூப்பிடுவாள்.

"என்னம்மா, உடம்புக்கு முடியலையா?"

அம்மா தெருவையே பார்த்துக்கொண்டு சொன்னாள்.

"இனிமே வர வேணாம்னுட்டாரு சார்."

"ஏனாம்?"

"நீங்கள்லாம்தான் பயிற்சிக்கு வந்தாச்சே. நிலையம் பூராத்தையும் நீங்களே கூட்டித் துடைச்சுடறீங்க. அப்புறம் தனியா ஒரு ஆள் எதுக்குன்னு கேக்கறாரு. அவர் கேக்கறதும் நியாயம்தானே?"

நியாயம்தானே என்று அம்மா கேட்டது கேலிக்கு அல்ல. அவள் அப்படித்தான் நினைத்தாள். அதுதான் சுள்ளியின் வயிற்றில் நெருப்பை வாரிப் போட்டது. முடிந்த நாடாவை ஒரே இழுப்பில் அவிழ்த்தாள். நெஞ்சுப் பக்கத்தில் 'எதிர்காலத்துக்குத் தயார்' என்று கொட்டை எழுத்தில் அச்சடித்த ஏப்ரன் அது. அதைச் சுருட்டி மூலையில் வீசப் போனவளின் கையை அம்மா எழுந்து ஓடி வந்து பிடித்துக்கொண்டாள்.

"கழட்டாதேடி. என் வேலைதான் போச்சு, உன் சீட்டும் போயிடக் கூடாது. சார் மனசு வெச்சுக் குடுத்தது அது."

சார் மனசு வைத்த கதையைச் சொல்லிவிட வேண்டும்.

ஊரின் அழுக்குத் தண்ணீரெல்லாம் போகும் கால்வாயை ஒட்டி இருக்கிறது இவர்களுடைய தெரு. கால்வாய்க்கரை என்று சொன்னாலே போதும், கேட்கிறவர் ஓரடி தள்ளி நிற்பார். ஊரில் எந்தக் கட்டடத்தில் கழிப்பறை கழுவ வேண்டுமென்றாலும் ஆள் இங்கிருந்துதான் போக வேண்டும். மற்றத் தெருக்காரர்கள் பட்டினி கிடந்தாலும் துடைப்பத்தைத் தொட மாட்டார்கள். கால்வாய்க்கரைக்காரர்கள் படித்துக் கிழித்தாலும் அவர்கள் கையில் துடைப்பத்தைத் தவிர வேறு எதையும் யாரும் கொடுக்க மாட்டார்கள். இதை யாரும் சட்டமாக எழுதி வைக்கவில்லை. எழுதி வைத்திருந்தால் கிழித்துப் போடவாவது ஏதாவது இருந்திருக்கும்.

அப்படிப்பட்ட ஊரில்தான் எதிர்காலத் திறன் பயிற்சி நிலையம் வந்தது. வசதியில்லாத பகுதிகளின் இளைஞர்களை நாளைய உலகத்துக்குத் தயார் செய்யப் போகிறோம் என்று பெரிய மனிதர் ஒருவர் பணம் கொடுத்தார். அவருக்குக் காட்டப்பட்ட படங்களில் இருந்தது கால்வாய்க்கரைதான். இடிந்த சுவரும், மூக்கு ஒழுகும் குழந்தைகளும், குழாயடியில் குடத்தோடு நிற்கும் பெண்களும் படத்தில் அழகாக வந்திருந்தார்கள். இவர்களுடைய ஏழ்மையைக் காட்டித்தான் அந்தக் கட்டடமே எழும்பியது. கட்டடம் எழும்பியதும் இவர்களுக்குக் கிடைத்தது, அதைத் துடைக்கும் வேலை. சுள்ளியின் அம்மா முதல் நாளிலிருந்து அங்கே இருந்தாள். அப்பா வெளியூரில் கட்டட வேலை, வந்தால் உண்டு. அம்மாவின் கையை நம்பித்தான் வீட்டில் அடுப்பு எரிந்தது.

மாடியில் கம்ப்யூட்டர், செல்போன் பழுது பார்த்தல், சோலார் தகடு பொருத்துதல் என்று வகுப்புகள் நடந்தன. அம்மா சார் என்று சொல்லும் நிலையப் பொறுப்பாளர் வாயைத் திறந்தால் எதிர்காலம் என்ற சொல் வராமல் இருக்காது. காலை வணக்கம் சொன்னாலே, "வணக்கம், எதிர்காலம் எப்படி இருக்கு?" என்பார். அதனால் மாணவர்கள் முதுகுக்குப் பின்னால் அவரை 'எதிர்காலம்' என்றே அழைத்தார்கள். எதிர்காலம் வந்துட்டார், எதிர்காலத்துக்கு இன்னிக்கு வயிறு சரியில்லை என்று அவர்களுக்குள் பேச்சு ஓடும்.

சுள்ளிக்குச் சோலார் மேல் ஆசை. நிலையத்தின் கூரைமேல் ஏறிப் பையன்கள் தகடுகளைப் பொருத்தியதைத் தெருவில் நின்று கழுத்து வலிக்கப் பார்த்திருக்கிறாள். இடுப்பில் கயிறு கட்டி, கையில் ஸ்பானரோடு அவர்கள் மேலே நின்ற நிற்பு அவள் மனதில் பதிந்துவிட்டது. குனிஞ்சு செய்யற வேலை நம்ம தெருவுல எல்லாரும் செஞ்சாச்சு, நான் ஏறிச் செய்யற வேலைக்குத்தான் போவேன் என்று அம்மாவிடம் சொன்னாள். அம்மா பொறுப்பாளர் காலில் விழாத குறையாகக் கெஞ்சி நுழைவுத் தேர்வுக்கு விண்ணப்பம் வாங்கி வந்தாள்.

தேர்வைச் சுள்ளி நன்றாகவே எழுதினாள். தாள் திருத்தியவரே அவளைக் கூப்பிட்டுத் தட்டிக் கொடுத்தார். அப்புறம் நேர்முகம். பொறுப்பாளர் அவள் தாளைப் பார்த்துப் புருவத்தை உயர்த்தினார், பிறகு எந்தத் தெரு என்று கேட்டார். கால்வாய்க்கரை என்று சொன்னதும் புருவம் பழைய இடத்துக்கு வந்துவிட்டது.

"உங்க பக்கத்துப் பிள்ளைங்களுக்குன்னே தனியா ஒரு கோர்ஸ் வெச்சிருக்கோம்மா. நவீன வளாகப் பராமரிப்பு. எதிர்காலத்துல இதுக்குத்தான் கிராக்கி. உங்களுக்கெல்லாம் இது ரத்தத்துலயே இருக்கு, சுலபமா வந்துடும்."

நவீன வளாகப் பராமரிப்பு என்றால் கூட்டுவது, துடைப்பது, கழிப்பறை கழுவுவது. துடைப்பத்துக்கு நீளமான பிடி போட்டுப் பெயரையும் நீளமாக வைத்துவிட்டார்கள். கால்வாய்க்கரையிலிருந்து வந்த பெண்கள் பத்துப் பன்னிரண்டு பேரையும் அதில் போட்டார்கள். நேர்முகத்துக்கு வந்த அந்தத் தெருப் பையன்கள் இரண்டு பேர், பேச்சைக் கேட்டுவிட்டு வந்த வழியே போய்விட்டார்கள். சுள்ளியும் அப்படிப் போயிருப்பாள். அம்மா விடவில்லை. உள்ளே ஒரு காலை வைத்துவிட்டால் பிறகு மாடிக்கு ஏறிவிடலாம் என்றாள். அந்த ஆசையில் அவள் பொறுப்பாளரைப் பார்க்கும்போதெல்லாம் கும்பிட்டாள்.

இதில் பெரிய கொடுமை ஒன்று உண்டு. பெரிய ஓட்டலில் மேற்பார்வை செய்தவர் என்று ஒரு டீச்சரைக் கொண்டுவந்திருந்தார்கள். அவருக்குச் சட்டதிட்டமெல்லாம் அத்துப்படி, ஆனால் மாப்பைப் பிழியச் சொன்னால் முகம் சுளிப்பார். முதல் வாரம் செய்முறை காட்டியது சுள்ளியின் அம்மாதான். தண்ணீரில் எவ்வளவு பினாயில் ஊற்றுவது, மூலையை எப்படி எடுப்பது என்று ஒவ்வொன்றையும் வாயெல்லாம் பல்லாகச் சொல்லிக் கொடுத்தாள். தன் மகளும் தெருப் பெண்களும் முன்னால் நிற்க, தானும் ஒரு டீச்சர் ஆன மாதிரி அவளுக்குப் பெருமை. தன் வேலைக்குத் தானே குழி வெட்டுகிறோம் என்பது அந்த வெள்ளை மனதுக்கு எப்படித் தெரியும்? பெண்கள் வேலையைப் பழகிக்கொண்டார்கள், பழகியதும் அம்மாவின் அட்டையைக் கழற்றி வாங்கிக்கொண்டு அனுப்பிவிட்டார்கள். அம்மா சம்பளத்துக்குச் செய்த வேலையை இனி மகள் சான்றிதழுக்குச் செய்வாள்.

சுள்ளி அம்மாவின் பிடியிலிருந்து கையை விடுவித்துக்கொண்டாள். பிறகு சுருட்டிய ஏப்ரனை உதறி மறுபடியும் கட்டிக்கொண்டாள்.

"நல்ல பொண்ணு," என்றாள் அம்மா, கண்ணைத் துடைத்தபடி.

நல்ல பெண்ணெல்லாம் இல்லை. வாழ்க்கையில் முதல் முறையாக, எரிவதற்கு நேரம் பார்ப்போம் என்று சுள்ளி தீர்மானித்தாள், அவ்வளவுதான்.

நேரம் சீக்கிரமே வந்தது. பணம் கொடுத்த பெரிய மனிதர் மனைவியோடு நிலையத்தைப் பார்க்க வரப் போகிறார் என்று பொறுப்பாளர் அறிவித்தார். இந்த முறை கூடவே படம் எடுக்கிறவர்களும் வருகிறார்கள், எதிர்காலம் நம் கையில் என்று கைகளைத் தேய்த்துக்கொண்டார். போன முறை வந்தபோது நடந்ததை அம்மா சொல்லிச் சுள்ளிக்குத் தெரியும். காரிலிருந்து இறங்கியவர்களைப் பொறுப்பாளர் கையோடு கூடத்துக்குள் அழைத்துப் போய்விட்டார். படிக்கட்டில்கூட அவர்களை நிற்கவிடவில்லை. அன்று காலை முழுக்கத் துடைத்த அம்மாவை, விருந்தாளிகள் போகும்வரை கட்டடத்தின் பின்பக்கம் தண்ணீர்த் தொட்டி அருகே உட்கார்ந்திருக்கச் சொன்னார்கள். யார் பெயரைச் சொல்லி நிலையம் நடக்கிறதோ அந்த ஜனங்கள் பணம் கொடுத்தவர் கண்ணில் படக் கூடாது. பட்டால் பேசுவார்கள், பேசினால் குட்டு உடையும்.

அவர்களை வாசலில் நிறுத்த வேண்டும். எப்படி நிறுத்துவது? பதில் கூடத்தின் மூலையில் சாத்தி வைத்திருந்தது.

டீச்சர் ஓட்டலிலிருந்து கொண்டுவந்த சட்டங்களில் தலையாயது மஞ்சள் பலகை. கூரைபோல விரித்து நிறுத்தும் பிளாஸ்டிக் பலகை, வழுக்கி விழும் மனிதன் படம் போட்டது. ஈரத் தரையில் அதை வைத்துவிட்டால் தரை காயும்வரை யாரும் தாண்டக் கூடாது. ஒருநாள் வாட்ச்மேன் அவசரமாகத் தாண்டிப் போனதைத் தடுக்கவில்லை என்று, சுள்ளியின் தோழி நெட்டையை டீச்சர் வகுப்பு முழுக்க நிற்க வைத்துத் திட்டினார். பொறுப்பாளரும் வந்து தன் பங்குக்கு ஒரு பிரசங்கம் செய்தார். வளர்ந்த நாடுகளில் மந்திரியே வந்தாலும் மஞ்சள் பலகையைத் தாண்ட மாட்டார், அந்த ஒழுக்கத்தைத்தான் எதிர்காலம் உங்களிடம் எதிர்பார்க்கிறது என்றார்.

கழிப்பறைக்குப் பின்னால் பெண்களைக் கூட்டி வைத்துச் சுள்ளி தன் யோசனையைச் சொன்னாள். முதலில் யாருக்கும் தைரியம் வரவில்லை.

"சர்டிபிகேட் குடுக்க மாட்டாங்கடி," என்றாள் நெட்டை.

"குடுத்து என்ன பண்ணப் போறே? நமக்குத் துடைக்கத் தெரியும்னு ஒருத்தன் கையெழுத்துப் போட்டுத் தரணுமா? எங்கம்மாவைத் துரத்தினாங்க, நாளைக்கு உங்கம்மா வேலை பாக்கற ஆஸ்பத்திரியிலயும் இதே கோர்ஸ் வரும். அப்ப அங்க துடைக்கப் போறது யாரு, நீதான்."

நெட்டை தலையாட்டினாள். மற்றவர்களும் தங்கள் அம்மாக்களை நினைத்துக்கொண்டார்கள்.

அம்மாவைச் சம்மதிக்க வைப்பதுதான் பெரும்பாடாகிவிட்டது. விருந்தாளி வரும் நேரத்தில் கேட்டுக்குள் வந்து படிக்கட்டுப் பக்கம் நிற்க வேண்டும், தெருப் பெண்களையும் கூட்டி வர வேண்டும் என்றதும் நடுங்கிவிட்டாள். நான் போய் அவங்ககிட்ட என்னத்தப் பேசுவேன் என்றாள். நீ பேச வேண்டாம், கேட்டால் பதில் சொல், பொய் மட்டும் சொல்லாதே என்றாள் சுள்ளி. பொய் சொல்லக் கூடாது என்பதில் அம்மாவால் எந்தக் குற்றமும் கண்டுபிடிக்க முடியவில்லை. சரி என்றாள்.

அந்த நாளில் வெயில் வஞ்சகமில்லாமல் அடித்தது. கால்வாய்க்கரைப் பெண்கள் முந்தானையைத் தலையில் போட்டுக்கொண்டு படிக்கட்டு ஓரம் வந்து நின்றார்கள். வாட்ச்மேன் அதட்டப் பார்த்தான். பிள்ளைங்க படிக்கறதைப் பார்க்க வந்தோம், கூடாதா என்று ஒருத்தி கேட்டாள். கூடாது என்று அவனுக்கு யாரும் சொல்லி வைக்கவில்லை. அதற்குள் காரும் வந்துவிட்டது.

பொறுப்பாளர் ஓடிப் போய்க் கதவைத் திறந்தார். வெள்ளைச் சட்டைப் பெரியவரும் பட்டுப்போன்ற குரலுள்ள அவர் மனைவியும் இறங்கினார்கள். கேமராக்காரர்கள் முன்னால் ஓடினார்கள். பொறுப்பாளர் பழைய வழக்கப்படி பெரியவரின் முதுகில் கை வைத்துப் படியேற்றி வாசலுக்குக் கொண்டுவந்தார். வாசலில் மஞ்சள் பலகை நின்றது. அதற்குப் பின்னால் இன்னொன்று, அதற்கும் பின்னால் இன்னொன்று. கூடம் முழுக்கத் தண்ணீர் பளபளத்தது. நீல ஏப்ரன் கட்டிய பெண்கள் மாப்பும் கையுமாக அசையாமல் நின்றார்கள்.

"எடுங்கம்மா அதை," என்றார் பொறுப்பாளர், பல்லைக் கடித்துக்கொண்டு, ஆனால் பல்லைக் காட்டியபடி.

"காயலை சார்," என்றாள் சுள்ளி.

"எடுன்னு சொல்றேன்ல."

"மந்திரியே வந்தாலும் தாண்டக் கூடாதுன்னு நீங்கதானே சார் சொல்லிக் குடுத்தீங்க." சுள்ளி இதைப் பெரியவரைப் பார்த்து, பணிவு சொட்டச் சொட்டச் சொன்னாள்.

பெரியவருக்கு உச்சி குளிர்ந்துவிட்டது. இதுதான் ஒழுக்கம், இதற்குத்தான் நான் பணம் கொடுக்கிறேன், காயட்டும், நிற்போம் என்றார். கேமராக்காரர்கள் மஞ்சள் பலகையைப் படம் எடுத்தார்கள். டீச்சருக்குச் சிரிப்பதா அழுவதா என்று தெரியவில்லை. தரை காய்கிற சமயம் பார்த்து நெட்டை மறுகோடியிலிருந்து இன்னொரு முறை ஈர மாப்பை இழுத்துக்கொண்டு வந்தாள். இரண்டு முறை துடைக்க வேண்டும் என்பதும் டீச்சர் சொன்ன சட்டம்தான்.

வெயிலில் நின்ற பெரியவரின் மனைவி, சும்மா நிற்பதற்குப் பக்கத்தில் இருப்பவர்களிடம் பேசலாமே என்று திரும்பினார். முன்னால் நின்றது சுள்ளியின் அம்மா.

"உங்க பொண்ணும் இங்க படிக்கறாளாம்மா?"

"ஆமாங்க. அதோ நிக்கறாளே, ஒல்லியா, அவதான்."

"ரொம்ப சந்தோஷம். நீங்க என்ன வேலை பாக்கறீங்க?"

பொறுப்பாளர் குறுக்கே பாய்ந்தார். அந்த அம்மாள் கையால் தடுத்து, அவங்களே சொல்லட்டும் என்றார். சுள்ளி மாப்பின் பிடியை இறுக்கிக்கொண்டாள். இத்தனை ஏற்பாடும் இந்த ஒரு பதிலுக்காகத்தான்.

"இங்கதாங்க துடைச்சுட்டிருந்தேன்," என்றாள் அம்மா. "போன வாரம் நிறுத்திட்டாங்க. என் வேலையை என் பொண்ணுக்குக் குடுத்துட்டாங்க. சம்பளம் மட்டும் அவளுக்குக் கிடையாது. அவ பரீட்சையில நல்ல மார்க்குங்க, சோலார்தான் கேட்டா. எங்க தெருப் பிள்ளைங்களுக்கு மாடி கிடையாதுன்னு இதுல போட்டுட்டாங்க."

ஒரு குறையும் சொல்லாமல், கேட்டதற்குப் பதிலாக, நேற்று மழை பெய்தது என்கிற மாதிரி சொல்லிவிட்டாள். பொறுப்பாளரின் முகம் வெளுப்பதைச் சுள்ளி ஆசை தீரப் பார்த்தாள். செத்தான் என்று உள்ளே ஒரு குரல் குதித்தது.

ஆனால் சும்மாவா அந்த நாற்காலியில் உட்கார வைத்திருக்கிறார்கள்? பொறுப்பாளர் ஒரு மிடறு எச்சில் விழுங்கிவிட்டுச் சிரித்தார்.

"பரம்பரைத் திறமை மேடம். அம்மாவோட கைத்தொழிலை மகள் நவீன முறையில கத்துக்கறா. எங்க நிலையத்தோட அடிப்படையே இதுதான்."

அந்த அம்மாளின் கண் கலங்கிவிட்டது. எவ்வளவு அழகான விஷயம், தாயும் மகளும், என்று கணவரின் கையைப் பிடித்துக்கொண்டார். பெரியவர் கேமராக்காரர்களைக் கூப்பிட்டார். இரண்டு பேரையும் சேர்த்து நிற்க வைத்து ஒரு படம் எடுக்க வேண்டும், நிலையத்தின் வாசலில் பெரிதாக மாட்ட வேண்டும், இந்தக் கோர்ஸை எல்லா ஊர்களுக்கும் கொண்டுபோக வேண்டும் என்றார்.

உண்மையைப் போட்டு உடைத்தால் எல்லாம் மாறிவிடும் என்று சுள்ளி நினைத்தது எவ்வளவு முட்டாள்தனம். காது கொடுத்துக் கேட்டார்கள், கண்ணீர்கூட விட்டார்கள். அநியாயம் மட்டும் அவர்கள் காதில் ஏறவே இல்லை. ஒருவரை நாக்கைப் பிடுங்கிக்கொள்ள வைக்கப் பார்த்தால் அவருக்கு மாலை விழுந்துவிட்டது.

யாரோ அம்மாவின் கையில் ஒரு மாப்பைக் கொடுத்தார்கள். சுள்ளியைப் பக்கத்தில் நிறுத்தினார்கள். கேமராக்காரர் கண்ணைச் சுருக்கிப் பார்த்துவிட்டு, "கொஞ்சம் குனிஞ்சு துடைக்கற மாதிரி நில்லுங்கம்மா," என்றார்.

அம்மா குனியவில்லை.

கேட்கவில்லையோ என்று அவர் மறுபடியும் சொன்னார். அம்மா மகளைப் பார்த்தாள். ஏறிச் செய்யற வேலைக்குத்தான் போவேன் என்று சொன்ன பெண், மாப்பைப் பிடித்துக்கொண்டு, அழுகையை அடக்கத் தாடையை இறுக்கி நின்றுகொண்டிருந்தாள். அவளைக் குனிய வைத்துப் படம் எடுத்து வாசலில் மாட்டப் போகிறார்கள். நாளைக்கு அவளுக்குப் பிறக்கிற பெண்ணும் அந்தப் படத்தைப் பார்த்துக்கொண்டுதான் உள்ளே வரும். இத்தனை நாள் பொறுப்பாளரைப் பார்த்தாலே கூப்பியெழுந்த கை, இப்போது மாப்பை அவர் பக்கம் நீட்டியது.

"குனிஞ்சு குனிஞ்சு எனக்கு முதுகு போச்சுங்க. சார் பிடிக்கட்டும். அவர்தானே இதையெல்லாம் சொல்லிக் குடுக்கறவரு, அவர் செஞ்சாத்தான் படம் நல்லா இருக்கும்."

பொறுப்பாளர் பின்வாங்கினார். பெரியவர் கையைத் தட்டினார். அருமையான யோசனை, தலைவன் என்றால் இப்படித்தான் முன்னால் நிற்க வேண்டும், பிடிங்க சார் என்றார். பணம் கொடுக்கிறவர் சொன்னால் மாப்பு என்ன, மலைப்பாம்பைக்கூடப் பிடித்துத்தான் ஆக வேண்டும். பொறுப்பாளர் இரண்டு விரலால் பிடித்தார்.

"நல்லா இறுக்கிப் பிடிங்க சார்," என்றாள் அம்மா. "முதல்ல அந்த வாளியில முக்கிப் பிழிஞ்சுக்கணும். கையாலதான் பிழியணும்."

ஊர் பார்க்க, கேமரா பார்க்க, கால்வாய்க்கரை முழுவதும் பார்க்க, அவர் அழுக்குத் தண்ணீரில் கையை விட்டார். பிழிந்தார். முழங்கை வழியாகத் தண்ணீர் ஓடிச் சட்டைக்குள் போயிற்று. இன்னும் கொஞ்சம் குனிங்க சார் என்றார் கேமராக்காரர். குனிந்தார். இன்னும் கொஞ்சம் என்றார். படிக்கட்டு ஓரத்தில் முந்தானையை வாயில் அடைத்துக்கொண்டு பெண்கள் குலுங்கினார்கள். சுள்ளிக்குக் குளிர்ந்த தண்ணீர் குடித்தது போல உள்ளே ஒரு சுகம் பரவியது. பழி தீர்ப்பது பாவம் என்கிறவர்கள் அந்தச் சுகத்தை ஒருமுறையாவது அனுபவித்துவிட்டுச் சொல்லட்டும்.

அவள் ஏப்ரனைக் கழற்றினாள். மடித்து, வாசலிலிருந்த மஞ்சள் பலகையின்மேல் போட்டாள். நெட்டை தன்னுடையதை அதன்மேல் போட்டாள். ஒவ்வொருத்தியாக வந்து போட்டுவிட்டு, ஈரத் தரையை ஒட்டிச் சுவரோரமாக நடந்து வெளியே வந்து தங்கள் அம்மாக்களோடு சேர்ந்துகொண்டார்கள். இதுவும் நிகழ்ச்சியில் ஒரு பகுதி என்று நினைத்து விருந்தாளிகள் கைதட்டினார்கள். குனிந்திருந்த பொறுப்பாளருக்கு மட்டும் அது என்னவென்று புரிந்தது. ஆனால் நிமிர முடியவில்லை, இன்னும் படம் எடுத்துக்கொண்டிருந்தார்கள்.

மறுநாளிலிருந்து கால்வாய்க்கரையிலிருந்து ஓர் ஆள் அந்தப் பக்கம் போகவில்லை. போகக் கூடாது என்று யாரும் கூட்டம் போட்டுப் பேசவில்லை, குழாயடியில் பேசியதே போதுமானதாக இருந்தது. மாடி வகுப்புப் பையன்களிடம் மாப்பைக் கொடுத்துப் பார்த்தார்கள். எங்க பிள்ளை இதுக்கா வந்தான் என்று வீட்டிலிருந்து ஆட்கள் வந்து சத்தம் போட்டார்கள். டீச்சர் தனக்கு மேற்பார்வை மட்டும்தான் தெரியும் என்றார். வேறு தெருவிலிருந்து ஆள் தேடினார்கள். அந்த வேலையை வேறு தெருக்காரர்கள் தொட மாட்டார்கள் என்பதுதான் ஊர் வழக்கமாயிற்றே. எத்தனையோ தலைமுறையாகக் கால்வாய்க்கரையின் கழுத்தை நெரித்துக்கொண்டிருந்த அந்த வழக்கம், முதல் முறையாகப் பொறுப்பாளரின் கழுத்துக்கு மாறியது. நிலையத்தின் நாற்றம் கூரையிலிருக்கும் சோலார் தகடுவரை ஏறியது என்று பால்காரர் வந்து சொன்னார்.

அம்மா இரண்டு வீடுகளில் பாத்திரம் தேய்க்கப் போனாள். அடுப்பு நாளுக்கு ஒரு வேளைதான் எரிந்தது. ஆனால் அவள் முகத்தில் ஏதோ ஒன்று மாறியிருந்தது. வாசற்படியில் உட்கார்ந்தால் சுவரில் நன்றாகச் சாய்ந்து உட்கார்ந்தாள்.

ஒரு சாயங்காலம் வாட்ச்மேன் வந்தான். கால்வாய்க்கரைக்குள் அவன் வருவது அதுதான் முதல் தடவை. கால் வைக்க இடம் பார்த்துப் பார்த்து வந்தவனை அம்மா உட்காரச் சொன்னாள். அவன் நின்றுகொண்டே, சார் வரச் சொன்னாரு, பழைய வேலை, பழைய சம்பளம் என்றான்.

"இவளுக்கு?" என்றாள் அம்மா.

அதையும் சொல்லித்தான் அனுப்பியிருந்தார்கள். சுள்ளிக்கு மாடியில் சோலார் வகுப்பில் இடம் போட்டாயிற்று, நாளையிலிருந்தே வரலாம், அவளுக்கு மட்டும், மற்றவர்களுக்கு இல்லை, இதை வெளியே சொல்லவும் கூடாது.

சுள்ளி கதவைப் பிடித்துக்கொண்டு நின்றாள். கூரைமேல் நின்று பார்த்தால் கால்வாய்க்கரை எப்படித் தெரியும் என்று அவள் எத்தனையோ முறை நினைத்துப் பார்த்திருக்கிறாள். இடுப்புக் கயிறு, ஸ்பானர், முகத்தில் காற்று. வேண்டும், அவளுக்கு அது வேண்டும், அழுகை வரும் அளவுக்கு வேண்டும். அம்மா அவளைப் பார்த்தாள். எதிர் வீட்டு வாசலில் நெட்டை துணி உலர்த்திக்கொண்டிருந்தாள், காது மட்டும் இந்தப் பக்கம் இருந்தது.

"இப்ப அங்க யாரு அண்ணே துடைக்கறது?" என்று கேட்டாள் சுள்ளி.

வாட்ச்மேன் அக்கம்பக்கம் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினான். "சார்தான். யாரும் வர்றதுக்கு முன்னாடி விடியக்காலையில வந்து கதவைச் சாத்திக்கிட்டு அவரே துடைக்கறாரு. வெளிய சொல்லிடாதே."

"மஞ்சப் பலகை வெக்கறாரா?"

"அதெல்லாம் எங்க வெக்கறாரு."

"வெக்கச் சொல்லுங்க. வெச்சுட்டு, எங்க அத்தனை பேருக்கும் மாடியில அவங்கவங்க கேட்ட இடம் போட்டதும் ஆள் அனுப்பச் சொல்லுங்க." சுள்ளி வாசற்படியில் அம்மாவின் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள். "தரை காயற வரைக்கும் நாங்க வெளியிலயே இருக்கோம். அது எங்களுக்குப் பழக்கம்தான்."